புள்ளிக்கும் ஸனத் வேண்டும்

ஹிஜ்ரி 615, அதாவது கி.பி. 1218. குராஸானின் மர்வ் நகரத்தில் ஓர் அறிஞர் சபை. ஹதீஸில் இடம்பெறும் ஒரு பழைய அறபுச் சந்தையின் பெயர் பற்றிப் பேச்சு வந்தது. சபையிலிருந்த யாக்கூத் அல்-ஹமவி அதை ‘ஹுபாஷா’ என்று உகரம் வைத்துச் சொன்னார். அங்கிருந்த முஹத்திஸ் ஒருவர், இல்லை, ‘ஹபாஷா’தான் என்று அடித்துச் சொன்னார். யாக்கூத் நூல்களுக்குள் இறங்கித் தேடினார். மர்வில் அக்காலத்தில் வக்பு செய்யப்பட்ட நூலகங்கள் பத்து இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அத்தனை நூல்கள் இருந்தும், ஓர் ஊர்ப்பெயரின் உச்சரிப்பைத் தீர்த்துவைக்கும் நூல் எளிதில் அகப்படவில்லை. ஊர்ப்பெயர்களுக்கென்றே ஒரு நூல் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. ‘முஃஜமுல் புல்தான்’ என்ற பெருநூல் அப்படி வந்ததுதான்.

யாக்கூத் பைசாந்திய மண்ணில் பிறந்து, சிறுவனாகப் பிடிபட்டு, பக்தாதில் அடிமையாக விற்கப்பட்டவர். வாங்கிய வணிகர் ஹமா ஊரைச் சேர்ந்தவர். ‘ஹமவி’ என்ற அடைமொழி அவ்வழியில் வந்தது. வணிகத்துக்காக ஊரூராக அனுப்பப்பட்டவருக்கு ஊர்ப்பெயர்கள் வெறும் பெயர்களாக இருந்திருக்க முடியாது. 1224இல் நூலின் வரைவை முடித்தார். அதற்குள் ஒரு பெரிய அழிவு நடந்துவிட்டிருந்தது. 1221இல் மங்கோலியர் மர்வை அழித்தார்கள். அவர் உட்கார்ந்து வாசித்த நூலகங்களும் போயின. அந்த ஊர் எப்படி இருந்தது, அங்கே யார் யார் வாழ்ந்தார்கள் என்று இன்று கேட்பவர் திறந்து பார்க்கும் நூல்களில் யாக்கூத்துடையது முக்கியமானது.

இணையவழித் தேசப்படம் பற்றிய கட்டுரையை எழுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட அறபு நூலோடு தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. முஃஜமில் ஓர் ஊரின் பதிவைப் பிரித்துப் பாருங்கள். முதலில் பெயர், அதன் எழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் விளக்கம், எந்தப் பிரதேசம், எந்த ஊரிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே என்ன நடந்தது, அங்கிருந்து வந்த ஆலிம்கள் யார், இதையெல்லாம் சொன்னது யார். இன்று ஒரு பிள்ளை கையிலிருக்கும் போனில் படத்தைத் திறந்து ஒரு புள்ளியைத் தொடுகிறது. சின்னப் பெட்டியொன்று விரிகிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்க வேண்டியவையும் இவைதான். கடைசியில் சொன்ன ‘இதைச் சொன்னது யார்’ என்பதை மட்டும் இன்று பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். என் கட்டுரை அதைப் பற்றியதே.

பட்டியல் முதலில், படம் பிறகு

தேசப்படம் என்றால் கோடும் நிறமும் என்று நாம் நினைக்கிறோம். வரலாற்றில் அது பெரும்பாலும் பட்டியலாகவே தொடங்கியது. அல்-குவாரிஸ்மி சுமார் 833இல் எழுதிய ‘கிதாபு சூரத்தில் அர்ழ்’ தொலமியின் கிரேக்க நூலைத் திருத்தியும் விரித்தும் செய்யப்பட்டது. அதில் 2402 இடங்களின் நெட்டாங்கும் அகலாங்கும் எண்களாகத் தரப்பட்டுள்ளன. நகரங்கள் தனியாக, மலைகள் தனியாக, கடல்கள், தீவுகள், ஆறுகள் தனித்தனியாக அடுக்கப்பட்டுள்ளன. இன்று கணினியில் படம் செய்வோர் ‘லேயர்’ என்று சொல்லும் அடுக்கு முறைக்கு இது எவ்வளவு நெருக்கம் என்பதைக் கவனியுங்கள். கிப்லாவின் திசையைக் கணிக்க வேண்டிய தேவையும் நமது முன்னோரை ஊர்களின் இருப்பிடத்தை எண்ணாகச் சொல்லப் பழக்கியது. அல்-பிரூனி கஸ்னா நகரின் கிப்லாவைக் கணிக்க ஒரு முழு நூலே எழுதினார்.

1154இல் சிசிலியின் பலெர்மோவில், இரண்டாம் றொஜர் மன்னனுக்காக அல்-இத்ரீஸி 70 பகுதிப் படங்களோடு தன் நூலை முடித்தார். தெற்கை மேலே வைத்து வரைந்த படங்கள் அவை. நமது ஸரந்தீபும் அதில் உண்டு. அங்கேயும் படத்தோடு நூல் சேர்ந்தே வந்தது. படத்தில் பெயரைப் பார்த்துவிட்டு, நூலைப் புரட்டி விபரத்தைப் படிக்க வேண்டும். புரட்டும் வேலையைத்தான் இன்று விரல் செய்கிறது.

புள்ளியும் தரவும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் நிகழ்வு 1854இல் லண்டனில் நடந்தது. பிராட் தெருப் பகுதியில் கொலராவால் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் மரணங்களை வீட்டுக்கு வீடு தெருப்படத்தில் குறித்தார். குறிகள் ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்தன. பட்டியலாக வாசித்தபோது கண்ணுக்குத் தெரியாத ஒன்று இடத்தில் வைத்தபோது தெரிந்தது.

இஸ்லாமிய வரலாற்றுக்கு இப்படி ஒரு வேலையை மக்சிம் ரொமனோவ், மஸூமே ஸெய்தி ஆகிய ஆய்வாளர்கள் செய்திருக்கிறார்கள். ‘அல்-துரய்யா’ என்பது அதன் பெயர். ஹிஜ்ரி 3, 4ஆம் நூற்றாண்டுகளின் முஸ்லிம் உலகத்து ஊர்கள் சுமார் இரண்டாயிரம், அவற்றை இணைத்த பாதைகளோடு இணையப் படத்தில் புள்ளிகளாக வைக்கப்பட்டுள்ளன. ஒரு ஊரைத் தொட்டால் பழைய அறபு நூல்களில் அவ்வூர் பற்றி வரும் பகுதி பக்கத்தில் திறக்கிறது. ஒரு ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பழைய பாதையில் எப்படிப் போவது என்றும் கேட்கலாம். யாக்கூத்தின் பெட்டி போனுக்குள் வந்துவிட்டது.

வேலை எப்படி நடக்கிறது

இதற்குப் பெரிய பணமோ பொறியியல் படிப்போ தேவை என்று எண்ணிப் பின்னிற்பவர்கள் நம்மில் அதிகம். நான் தமிழ் சிறப்புக் கலைப் பட்டதாரி. எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்துதான் இதைக் கற்றுக்கொண்டேன். வழி சொல்கிறேன்.

அடிப்படை ஒரு அட்டவணை. எக்செல் போன்ற ஒன்றில் ஒரு வரிக்கு ஒரு இடம். முதல் நிரலில் பெயர், அடுத்ததில் அகலாங்கு, அடுத்ததில் நெட்டாங்கு, பிறகு விபரம். இதைச் ‘சீ.எஸ்.வி.’ என்ற எளிய வடிவில் சேமித்து, ‘யூமேப்’ போன்ற இலவசக் கருவியில் ஏற்றினால் ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளியாக எழுந்து நிற்கும். பின்னணியில் தெரியும் படம் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’. 2004இல் பிரித்தானியாவில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கி, உலகெங்கும் பொதுமக்கள் வரைந்து வளர்த்த படம் அது. யாரும் பாவிக்கலாம், விடுபட்ட வீதியை யாரும் சேர்க்கலாம். இன்னும் ஆழமாகப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு ‘லீஃப்லெட்’ என்ற நிரற்தொகுதி இருக்கிறது. உக்ரைனைச் சேர்ந்த விளாதிமிர் அகஃபொன்கின் 2011இல் வெளியிட்டது. சில பத்து வரிகளில் படமும் புள்ளியும் பெட்டியும் தயார்.

சறுக்கும் இடங்கள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, எண்களின் வரிசை. லீஃப்லெட்டில் அகலாங்கு முதலில் வரும். ‘ஜியோஜேசன்’ என்ற கோப்பு வகையில் நெட்டாங்கு முதலில் வரும். தரம் 10 பிள்ளை ஒருவர் கொழும்பின் 6.93, 79.85 என்ற எண்களை மாறிப்போட்டார். “சேர், கொழும்பக் காணல்ல, ஐஸ் கடலுக்குள்ள ஒரு புள்ளி நிக்குது” என்றார். பார்த்தால் புள்ளி நோர்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கிலுள்ள கடலில் மிதந்தது. வகுப்பே சிரித்தது. அன்றைக்குப் பிறகு அகலாங்கும் நெட்டாங்கும் யாருக்கும் மறக்கவில்லை.

மற்றது, எழுத்து. நமது ஊர்களில் வருடக்கணக்காக விழா மலர்களும் பள்ளிவாசல் அறிக்கைகளும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அந்தக் கோப்பிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டினால் பெட்டிக்குள் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யுனிகோடுக்கு மாற்றியே ஏற்ற வேண்டும். இது சின்ன விசயமல்ல. நமது அச்சகங்களின் கணினிகளில் கிடக்கும் எத்தனையோ ஊர் வரலாறுகள் மாற்றுவாரின்றி இன்றும் அப்படியே பூட்டிக் கிடக்கின்றன.

இப்னு பதூதாவைப் புள்ளியாக்குதல்

முதற் பயிற்சியாக 1344இல் இப்னு பதூதா இலங்கையில் சென்ற வழியை எடுத்தோம். மாலைதீவிலிருந்து வந்து ‘பத்தாலா’ என்ற இடத்தில் இறங்குகிறார். மர மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிற்றூர் என்கிறார். பாரசீகம் தெரிந்த ஆரியச் சக்கரவர்த்தி அங்கே அவரை வரவேற்கிறான். ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று கேட்டதும் பல்லக்கும், நாலு யோகிகளும், மூன்று பிராமணரும், பரிவாரம் பத்துப் பேரும், சுமை தூக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்புகிறான். மனார் மண்டலி, பந்தர் ஸலாவாத், குனக்கார் என்று வழி நீள்கிறது. திரும்பும்போது தீனவர், காலி, கலன்பு, மீண்டும் பத்தாலா.

பிள்ளைகளுக்கு உற்சாகம். பத்தாலா புத்தளம், ஸலாவாத் சிலாபம், தீனவர் தெவிநுவர, காலி காலியேதான், கலன்பு கொழும்பு. ஒவ்வொன்றாகப் புள்ளி விழுந்தது. ஒரு வாக்கியத்தைப் படத்தோடு ஒப்பிட்டும் பார்த்தோம். தீனவரிலிருந்து காலி ஆறு பர்ஸக் என்கிறார் அவர். ஒரு பர்ஸக் ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் என்று வைத்தால் 36. படத்தில் நேர்கோட்டில் அளந்தால் 40க்குச் சற்று மேல். இப்னு பதூதா ஊர் திரும்பி, 1355இல், இப்னு ஜுஸை எழுத, நினைவிலிருந்து சொன்ன பயணம் இது. பதினொரு வருடத்துக்குப் பிறகு சொன்ன தூரம் இவ்வளவு கிட்ட வருவதைப் பார்த்து ஒரு மாணவி, “அப்ப மனுசன் உண்மையாவே வந்திரிக்கார் சேர்” என்றார். ஒரு கணக்கு இவ்வளவு பெரிய முடிவைத் தாங்காது என்பது வேறு விசயம். ஆனாலும் ஒரு நூலை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் அந்தப் பிள்ளைக்கு வந்ததே, அது போதும்.

குனக்காரில் நின்றுவிட்டோம். இரண்டு மலைகளுக்கு நடுவே, மாணிக்கக் குடா என்ற நீர்ப்பரப்பின் பக்கத்தில் அமைந்த தலைநகரம் அது. நகருக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷைக் உஸ்மானின் பள்ளிவாசல். பதினான்காம் நூற்றாண்டில் இலங்கையின் உள்நாட்டில் ஒரு பள்ளிவாசல்! எங்கே அது? குருநாகல் என்பது பலரும் ஏற்கும் கருத்து. கம்பளை என்றும் இரத்தினபுரி என்றும் சொன்னவர்களும் உண்டு. கணினியோ இந்தத் தயக்கம் எதையும் கேட்பதில்லை. அதற்கு இரண்டு எண் வேண்டும். ஒரு இடத்தில் சொடுக்கினால் தசமத்துக்குப் பின் ஆறு இலக்கத்தோடு எண்ணை எடுத்துக் கொடுக்கிறது. ஆறு இலக்கம் என்றால் நிலத்தில் ஏறத்தாழப் பத்துச் சென்ரிமீற்றர். எந்த ஊர் என்றே முடிவாகாத ஒரு பள்ளிவாசலுக்கு ஒரு சாண் கணக்கில் முகவரி எழுதிவிடுகிறோம்! நாளைக்கு அதைப் பார்க்கும் ஒருவர் “இந்த இடத்தில்தான் இருந்தது” என்று கட்டுரை எழுதுவார். அந்தக் கட்டுரையை ஆதாரமாகக் காட்டி இன்னொருவர் எழுதுவார்.

அச்சுப் புத்தகத்தில் ‘இருக்கலாம்’, ‘என்பர்’, ‘கருதப்படுகிறது’ என்று எழுத நமக்கு மொழி இருக்கிறது. புள்ளிக்கு அந்த மொழி இல்லை. நாமாகத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும்.

நமக்கு இது புதிய பாடமல்ல. ஒரு ஹதீஸ் வந்தால் யார் யாரிடம் கேட்டார் என்ற ஸனதைப் பார்த்து, ஸஹீஹ், ஹஸன், ளயீப் என்று தரம் பிரித்த சமூகம் நாம். மத்னை மட்டும் ஒப்புவிப்பவரை நமது உலமாக்கள் ஏற்றதில்லை. புள்ளிக்கும் அதையே செய்தோம். அட்டவணையில் இரண்டு நிரல் கூட்டினோம். ஒன்று, ‘ஆதாரம்’. மற்றது, ‘தரம்’. கல்வெட்டு அல்லது அக்கால ஆவணம் இருந்தால் பச்சை. அக்காலத்தவர் எழுதிய நூற்குறிப்பிலிருந்து இடம் தெளிவானால் நீலம். ஊர் மரபும் வாய்மொழியும் என்றால் மஞ்சள். ஆய்வாளரின் ஊகம் என்றால் சாம்பல். அதற்குப் புள்ளியே இல்லை, பெரிய வட்டம் மட்டும். குனக்காருக்கு இப்போது மூன்று சாம்பல் வட்டங்கள் இருக்கின்றன. எதைத் தொட்டாலும் மற்ற இரண்டும் இருப்பதைப் பெட்டி சொல்லும்.

ஒரு கல்லுக்கு மூன்று இடம்

தரம் உறுதியாக இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டை எல்லோரும் அறிவோம். 1409ஆம் ஆண்டின் திகதியுடையது. சீனத் தளபதி ஷெங் ஹ கொண்டுவந்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயினாருக்கும், பாரசீகத்தில் முஸ்லிம்களின் வழிபாட்டுக்குமாக ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று காணிக்கைகளை அது பட்டியலிடுகிறது. இக்கரையில் வாழ்ந்த முஸ்லிம்களைச் சீனப் பேரரசு ஒரு சமூகமாகக் கணித்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இதற்கு எங்கே புள்ளி வைப்பது? கண்டெடுத்தது காலி. இப்போது இருப்பது கொழும்பு நூதனசாலை. தெனவரை நாயினாரின் கோயில் இருந்தது தெவிநுவரவில். 1588இல் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள். வாசிக்கத்தக்க ஒரே கல், மூன்று ஊர். எங்கள் அட்டவணையில் ‘கண்டெடுத்த இடம்’, ‘இப்போதுள்ள இடம்’, ‘பேசும் இடம்’ என்று மூன்று நிரல் பிறந்தது இந்தக் கல்லால்தான். மூன்று புள்ளியையும் ஒரு கோடு இணைக்கிறது.

கொழும்பு மையவாடியைச் சேர்ந்த கூபி எழுத்துக் கல் இன்னொரு பாடம் சொன்னது. காலித் இப்னு அபூ பகாயா என்பவரின் மீஸான் கல் அது. பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் அதன் படியை அனுப்ப, சாமுவேல் லீ மொழிபெயர்க்க, 1827இல் றோயல் ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. இன்று ஹிஜ்ரி 337 என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 337 என்றால் கி.பி. எத்தனை? அந்த ஹிஜ்ரி வருடம் 948இன் நடுவில் தொடங்கி 949இன் நடுவில் முடிகிறது. ஒருவர் 948 என்றும் மற்றவர் 949 என்றும் எழுதுவதைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்பினார்கள். ஹிஜ்ரிக்கு ஒரு நிரல், கி.பி.க்குத் தொடக்கம், முடிவு என இரண்டு நிரல் வைத்ததும் குழப்பம் தீர்ந்தது.

பேருவளை மஸ்ஜிதுல் அப்ரார் 920இல் தோன்றியது என்பது ஊர் மரபு. மஞ்சள் புள்ளி வைத்தோம். “ஏன் சேர் மஞ்சள்? பொய்யா?” என்று கேட்டார் ஒரு பிள்ளை. பொய்யென்று யாரும் சொல்லவில்லை. மரபு மரபாகவே பதிவாக வேண்டும். அதன் பெறுமதி வேறு, கல்வெட்டின் பெறுமதி வேறு. நேற்று வந்தவர்கள் என்று நம்மைச் சொல்லும் குரல்கள் இந்நாட்டில் ஓய்ந்ததில்லை. அக்குரல்களுக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் மஞ்சளையெல்லாம் பச்சையாக்கினால், ஒன்று பிழையென்று காட்டப்படும் நாளில் உண்மைப் பச்சையும் சேர்ந்தே சந்தேகத்துக்குள்ளாகும். கல்லில் எழுதிய 1409ஐ நாமே பலவீனமாக்கியவர்களாவோம்.

வெற்றிடமாகத் தெரியும் ஊர்கள்

இவ்வளவும் பழங்காலம். புத்தளம் மாவட்டத்தில் படிப்பிக்கும் எனக்கு இந்த வேலையில் மிகக் கனமாகத் தெரிந்த பகுதி 1990.

அந்த ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தார்கள். பெரும்பகுதியினர் புத்தளத்துக்கு வந்தார்கள். என் வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் பலர் அவர்களின் பேரப்பிள்ளைகள். ‘சொந்த ஊர்’ என்று கேட்டால் தாங்கள் ஒருநாளும் வாழாத ஓர் ஊரின் பெயரைச் சொல்வார்கள்.

ஊர் இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்தால் படத்தில் என்ன தெரியும்? கூரை விழுந்து, காடு மூடி, செய்மதிப் படத்தில் பச்சையாகத் தெரியும். பச்சையாகத் தெரிவது படத்தில் காடாகிறது. காடு என்று படம் சொன்னால் அரச கடதாசியிலும் காடாகலாம். 2012இல் வர்த்தமானி மூலம் வனமாக அறிவிக்கப்பட்ட பரப்புக்குள் முசலிப் பகுதியில் தங்கள் பழைய குடியிருப்பு நிலங்களும் அகப்பட்டுவிட்டன என்பது மீளக்குடியேறியவர்களின் முறைப்பாடு. அந்த வழக்கின் சரிபிழையைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையல்ல. ஒரு விசயம் மட்டும் தெளிவு. “இங்கே ஊர் இருந்தது” என்று சொல்ல வந்தவர்களின் கையில் ஞாபகம்தான் அதிகம் இருந்தது; திகதியும் இடமும் ஆதாரமும் சேர்ந்த பதிவு குறைவாகவே இருந்தது.

பலஸ்தீனர் இந்தப் பாடத்தை நமக்கு முன்னரே படித்தவர்கள். 1948இல் அழிக்கப்பட்டும் வெறுமையாக்கப்பட்டும் போன 418 கிராமங்களை ஒவ்வொன்றாக விபரித்து வலீத் காலிதி தலைமையில் ஒரு நூல் 1992இல் வந்தது. 2014இல் ஸொக்ரோத் என்ற அமைப்பு அக்கிராமங்களைப் போனிலேயே தொட்டுப் பார்க்கும் செயலியாக்கியது. 2018இல் வந்த ‘பலஸ்தீன் ஓப்பன் மேப்ஸ்’ 1940களில் பிரித்தானியர் செய்த நில அளவைப் படங்களை இன்றைய படத்தின் மேல் விரித்துக் காட்டுகிறது. அழித்தவர்கள் ஒன்றுமில்லை என்று சொல்லும் இடத்தில், அக்காலத்து ஆட்சியாளரின் படத்திலேயே ஊரின் பெயரும் பாதையும் கிணறும் இருக்கின்றன. அதன் பலம் உணர்ச்சியில் இல்லை. எந்தப் படத்தாள், எந்த ஆண்டு என்று காட்ட முடிவதில் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வாப்பும்மா, மூத்தவாப்பாமாரிடம் கேட்டு வந்தார்கள். ஒரு முதியவர் பாடசாலைக்கே வந்தார். செய்மதிப் படத்தைச் சுவரில் விழுத்தினோம். வெகுநேரம் பார்த்தார். “இது குளத்துக் கட்டு. அப்ப இதுக்குக் கிழக்கால பள்ளி. பள்ளிக்குப் பின்னால கிணறு, கோடையிலயும் வத்தாது. இங்கால மையவாடி. எங்கட உம்மா அதுலதான்” என்றார். விரல் வைத்த இடத்தில் பற்றையைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஒரு பிள்ளை எண்களை எழுதினார். இன்னொருவர் திகதியையும், சொன்னவரின் வயதையும், ஊரில் வாழ்ந்த காலத்தையும் எழுதினார். மஞ்சள் புள்ளி. பிறகு பழைய இடவிளக்கப் படத்தாள் ஒன்றில் அதே குளத்துக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் குறி இருப்பதைக் கண்டபோது பள்ளியின் நிறம் பச்சையானது. கிணறும் மையவாடியும் மஞ்சளாகவே இருக்கின்றன. அதை மாற்ற இன்னொரு ஊர்க்காரரின் சாட்சி வேண்டும். அவர்களில் எத்தனை பேர் இன்னும் எத்தனை காலம் இருப்பார்கள்?

எதைப் போடக் கூடாது

இந்த இடத்தில் எச்சரிக்கை ஒன்றும் அவசியம். நமது சமூகத்தைப் பற்றிய ஒரு படம் நமது கையில் மட்டும் இருக்காது. 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனையிலும் என்ன நடந்தது என்று தெரியும். 2019க்குப் பிறகு முஸ்லிம்களின் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி நடந்த பிரசாரமும் தெரியும். ஆகவே சில விதிகளை வகுத்தோம். வாழ்பவர்களின் வீடு, கடை, காணிக்குப் புள்ளி இல்லை. வாய்மொழி தந்தவரின் பெயர் பொதுப்படத்தில் வராது. பாடசாலையின் கையெழுத்துக் கொப்பியில் மட்டும் இருக்கும். காணிப் பிணக்குள்ள இடத்துக்கு எல்லைக்கோடு வரைவதில்லை. ஒரு இடத்தைப் போடுவதால் யாருக்காவது கெடுதி வரலாம் என்று மூத்தவர்கள் சொன்னால் அது விடப்படும்.

இன்னொரு விதி, கடதாசி. இணையக் கருவிகள் நிரந்தரமல்ல. இன்று இலவசமாக இருப்பது நாளை மூடலாம். படம் போனாலும் அட்டவணை இருந்தால் மீண்டும் செய்துகொள்ளலாம். வருடத்துக்கு ஒருமுறை முழு அட்டவணையையும் அச்செடுத்துக் கட்டி நூலகத்தில் வைக்கிறோம். யாக்கூத்தின் நூல் பிழைத்தது கையால் பிரதி செய்தவர்கள் இருந்ததால்தான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்கு ஒரு கொப்பி போடுங்கள். கணினி பிறகு வரட்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு இடம்: பள்ளிவாசல், தைக்கா, ஸியாரம், மையவாடி, துறை, சந்தை, பழைய மத்ரஸா, மறைந்துபோன கிணறு. அந்த இடத்துக்கு ஊரில் வழங்கும் எல்லாப் பெயர்களும், தமிழிலும் சிங்களத்திலும். எப்போதிருந்து என்று யார் சொல்கிறார், அவருக்கு எப்படித் தெரியும், எந்தத் திகதியில் சொன்னார். மீஸான் கல்லோ ஒப்புறுதியோ இருந்தால் அதன் புகைப்படம். எழுத்துத் தேய்ந்த கற்களை முதலில் எடுங்கள். வெயிலும் மழையும் நமக்காகக் காத்திருக்காது. வடக்கிலிருந்து வந்த குடும்பமாயின் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் இந்த மாதமே போங்கள். இரண்டு எண்ணைப் போடும் வேலையை உங்கள் வீட்டிலிருக்கும் தரம் 10 பிள்ளை ஒரு பின்னேரத்தில் கற்றுக்கொள்ளும். ஆதாரம் என்ற நிரலைப் பெரியவர்கள்தான் நிரப்பித் தர வேண்டும்.